பட்டனை விடாத ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கூடத்தில் ஓர் உறுமல் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து கிளம்பி, நடுவில் விக்கி, கடைசியில் இருமலாக முடியும் உறுமல். தேங்காய் மூடியோடு எட்டிப் பார்த்தேன். என் மகள் போனைத் தலையணையில் சாய்த்துவைத்து ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிணங்கள் எழுந்து துரத்தும் ஒரு வீடியோ கேமில் எல்லோரும் வெறுக்கும் காட்சிகள் எவை என்று ஒருவன் மூச்சு விடாமல் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, இது ரொம்பப் பழைய கேமாம். இப்ப புதுசா வுட்டிருக்காங்க. நீ ஆடியிருக்கியா?" என்றாள். ஆடியிருக்கிறேன் என்றேன். எனக்குப் பிடிக்காத காட்சி எது என்று கேட்டாள். நான் யோசித்துத் தொண்டையைச் செருமுவதற்குள் டியூஷனுக்கு நேரமாகிவிட்டது, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அப்பாவிடம் கேள்வி கேட்பது பதிலுக்காக இல்லை என்பது தெரிந்ததுதான். ஆனாலும் கேட்டது கேட்டாகிவிட்டது. அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சலில் வந்தது. எங்களுடையது சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்த வழியில் அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. நான் சின்னப் பையனாக இருந்தபோதே அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கிருந்து வரும் பார்சல்களுக்கென்று ஒரு வாசனை உண்டு. சோப்பு, காப்பித்தூள், சாக்லேட், புது அட்டைப்பெட்டி எல்லாம் கலந்த வாசனை. அம்மா பெட்டியைப் பிரித்ததும் நான் தலையை உள்ளே விட்டு இழுத்துக்கொள்வேன். அப்பா எப்படி இருப்பார் என்று யாராவது அன்றைக்குக் கேட்டிருந்தால் அந்த வாசனையைத்தான் சொல்லியிருப்பேன். முகம் அவ்வளவு தெளிவாக ஞாபகம் இல்லை.

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கோடையில் வந்த பார்சலில் வீடியோ கேம் பெட்டி ஒன்று இருந்தது. கூடவே ஒரே ஒரு டிஸ்க். வில்லியனூரில் எங்கள் தெருவில் அப்படி ஒரு சாமானை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. அதன் பிளக்கில் இரண்டே இரண்டு உருண்டைக் கம்பிகள், நம்மூர் சுவிட்ச் போர்டில் செருகினால் தொளதொளவென்று ஆடும். ஓட்டையில் தீக்குச்சி ஒன்றைச் சேர்த்துச் செருகினால் நிற்கும். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கும். இத்தனையையும் சரிக்கட்டி ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தால், உள்ளே பேச்சு, எழுத்து எல்லாமே பிரெஞ்சு.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. சொல்தா குடும்பத்துப் பையனுக்குப் பிரெஞ்சு தெரியாதா என்று சிரிக்காதீர்கள். அதுவும் ஒரு கணக்குத்தான். அப்பா எப்படியும் எங்களை அழைத்துக்கொண்டு போகப்போகிறார், அங்கே போனால் தானாக வந்துவிடும், இங்கே மெனக்கெடுவானேன் என்று பள்ளியில் தமிழையே எடுத்திருந்தேன். அதே கணக்கில்தான் அந்தக் கோடையில் எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பம் வாங்காமல் இருந்தேன். "பேப்பரெல்லாம் ரெடியாவுது" என்று அப்பா போனில் சொல்லியிருந்தார். அம்மா பாண்டியில் பிளாட்பாரக் கடையில் எனக்கும் அவளுக்கும் கம்பளிச் சட்டை வாங்கி, அந்துருண்டை போட்டு பீரோவில் வைத்திருந்தாள். வேர்த்து ஊற்றும் மே மாதத்தில் நான் அதைப் போட்டுக் கண்ணாடி பார்த்திருக்கிறேன்.

பிரெஞ்சு தெரிந்தவன் சாகுல். கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் மகன். பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும் என்று பாண்டியில் ஒரு பள்ளியில் சேர்த்திருந்தார்கள். மார்க்கும் வந்தது. தபால் ஆபீசுக்கு வழி கேட்கவும் ரொட்டி வாங்கவும் அவனுக்கு நன்றாகத் தெரியும். பிணங்கள் துரத்தும்போது பேசுகிற பிரெஞ்சு பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் கடைக்காரர் மகன் அல்லவா, கேட்ட சரக்கு இல்லை என்று அவன் வாயிலிருந்து வராது.

மூன்றாவது ஆள் ஏழுமலை. கடலோர மணப்பட்டில் மீனவர் வீட்டுப் பையன், படிப்புக்காக எங்கள் தெருவில் அக்கா வீட்டில் தங்கியிருந்தான். வலை பின்னிப் பழகிய விரல்களோ என்னவோ, கண்ட்ரோலர் அவன் கைக்கு வந்தால்தான் சொன்னபடி கேட்கும். ஆகவே ஏழுமலை ஆடுவான், சாகுல் தமிழில் கதை சொல்வான், வீட்டுக்காரன் என்ற முறையில் நான் தீக்குச்சியைப் பார்த்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஆட்டம். அன்றைக்கு மதியத்தோடு சாகுல் கடையை அடைத்துவிடுவார்கள். எனக்கோ வீட்டை விட்டு நகர முடியாது. அப்பாவின் போன் ஞாயிறு மதியம்தான் வரும். காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய் வந்து, கோழிக் குழம்பு வைத்துவிட்டு, அம்மா போனிருக்கும் மேசைப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பாள். சாகுலும் சாப்பிட வேண்டும் என்று கோழியைக் கறிக்கடை பாய் அறுத்ததாகப் பார்த்துத்தான் வாங்கிவருவாள். முதலில் ஞாயிறு தவறாமல் மணி அடித்தது. பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. அந்தக் கோடையில் எப்போதாவது அடித்தது, எடுத்தால் யாராவது ராங் நம்பராக இருந்தார்கள்.

கதை இதுதான். ஊரெல்லாம் ஒரு நோய், செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். ஒரு லாரி டிரைவர் தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். கடலோரத்தில் ஒரு துறைமுகம் இருக்கிறது, அங்கிருந்து நோய் இல்லாத தீவுக்குக் கப்பல் போகிறது. அங்கே போய்ச் சேர வேண்டும். அவர்கள் பெயர்கள் எங்களுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அவன் தாடி, அவள் பாப்பா, மற்றவர்கள் பொணங்கள்.

சாகுலின் மொழிபெயர்ப்பு தனி அழகு. தாடி சுவரோரம் உட்கார்ந்து கண்கலங்க நெடுநேரம் பேசுவான். நாங்கள் சாகுல் முகத்தைப் பார்ப்போம். "ஜாக்கிரதையா இருன்றாரு" என்பான். இவ்வளவு நேரம் பேசியது அவ்வளவுதானா என்று கேட்டால், மேட்டர் அவ்வளவுதான் என்பான். இன்னோரிடத்தில் வழியில் வந்த கிழவி ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள். சாகுல் அவளுக்கு மூன்று மருமகள்கள் இருந்ததையும் யாருமே சோறு போடாததையும் விவரமாகச் சொல்வான். பாதி கதை பிரான்சில் எழுதியது, பாதி கதை வில்லியனூர் கடைத்தெருவில் எழுதியது. இரண்டும் எங்கே ஒட்டியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

பிடிக்காத காட்சி என்றால் ஆளுக்கு ஒன்று இருந்தது. ஏழுமலைக்குப் படகுக் காட்சி. ஆற்றைக் கடக்க தாடி ஒரு மோட்டார் படகில் ஏறுவான். ஏறியதும் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்காமலே மோட்டாரை முடுக்குவான், படகும் அதன் பாட்டுக்குப் போகும். அந்த இடம் வரும்போதெல்லாம் ஏழுமலை கண்ட்ரோலரைத் தரையில் வைத்துவிடுவான். "கயித்த அவுக்காம எவன்டா மோட்டாரப் போடுவான்? இவன நம்பியா அந்தப் புள்ள வருது?" என்று அவனுக்கு நிஜமாகவே கோபம் வரும். பிணம் எழுந்து நடப்பதை அவன் ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை.

சாகுலுக்குக் கடைக் காட்சி ஆகாது. பாழடைந்த ஒரு பெரிய கடைக்குள் தாடி புகுந்து, அலமாரியைத் தள்ளி, டப்பாக்களை வாரிப் பையில் போடுவான். எங்கள் இருவருக்கும் பிணம் எந்த மூலையில் இருக்கிறது என்று பதைபதைக்கும். சாகுல் மட்டும், இப்படிக் கொட்டிக் கவிழ்த்தால் யார் திரும்ப அடுக்குவது என்று புலம்புவான். தேதி பார்க்காமல் எடுக்கிறானே, குழந்தைக்கு வயிற்றுக்கு ஆகுமா என்பான்.

அம்மா ஆட்டம் பார்ப்பவள் இல்லை. போன் மேசைக்கும் அடுப்படிக்கும் நடுவில் போகும்போது கதவோரம் நின்று இரண்டு நிமிடம் பார்ப்பாள். அவளுக்கும் ஒரு குறை இருந்தது. "எந்நேரம் பாத்தாலும் ஓடிகினே இருக்கான். அந்தப் பொண்ணுக்கு ஒரு தல வாரி வுடக்கூடாதா?" என்பாள். அப்போது சிரித்தோம். பெண்ணைப் பெற்ற பிறகு யோசித்தால், அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் சொல்லாத நியாயமான குறை அதுதான் என்று படுகிறது.

இனி என் காட்சிக்கு வருகிறேன்.

பல ஞாயிறுகள் போய், கரண்ட்டு போய், தீக்குச்சி ஒடிந்து, சேமிக்காமல் விட்ட இடங்களைத் திரும்பத் திரும்ப ஆடி ஒருவழியாகத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தோம். பெரிய இரும்பு வாசல். உள்ளே கப்பல். வாசலில் துப்பாக்கியோடு காவல்காரர்கள். குழந்தைகளுக்கு மட்டும்தான் இடம், பெரியவர்களை விடமாட்டார்கள் என்று சாகுல் விசாரித்துச் சொல்வதுபோலச் சொன்னான். தாடி மண்டி போட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டான். திரையில் ஒரு பட்டனின் படம் வந்தது. அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அவன் கை அவள் கையைப் பிடித்திருக்கும், எடுத்தால் விட்டுவிடும்.

ஏழுமலை அழுத்திப் பிடித்தான். ஒன்றும் நடக்கவில்லை. காவல்காரன் அதட்டினான், காற்று அடித்தது, பாப்பா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டனை எடுக்காமல் கதை நகராது என்பது யாருக்கும் புரியக்கூடியதுதான். எங்களுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை. ரேஷன் கடையிலிருந்து கமியூன் பஞ்சாயத்து ஆபீஸ் வரை எந்த வரிசையிலும் நகராமல் நின்றால் கடைசியில் யாராவது இரக்கப்பட்டு உள்ளே விடுவார்கள் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். "புடிச்சிகினே இருடா. எவ்ளோ நேரம் வுடாம இருப்பான், அவனும் மனுஷந்தான்" என்றேன் நான். காவல்காரனைத்தான் சொன்னேன்.

பிடித்துக்கொண்டே இருந்தோம். ஏழுமலைக்குக் கட்டைவிரல் மரத்ததும் சாகுல் தன் விரலை அவன் விரல்மேல் வைக்க, அவன் அடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டான். பிறகு நான். ஒருவர் பிடித்திருக்க மற்ற இருவர் சாப்பிட்டோம். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள், படம் சுருங்கியது, வாசல் வாசலாகவே இருந்தது. ஒருகட்டத்தில் ஏழுமலை பட்டனோடு இருந்தான், நானும் சாகுலும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா வந்து நின்றாள். என்ன செய்கிறோம் என்று கேட்டாள். சொன்னோம். ஏழுமலைக்கு மூக்கு அரித்ததோ என்னவோ, கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும்படி அம்மாவிடமே கேட்டான். அவளும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து தாடி வாய் திறந்தான். மகளின் காதுக்குப் பக்கத்தில் மெதுவாக ஏதோ சொன்னான். கீழே எழுத்தும் வந்தது, ஒரே வரி.

"இன்னா சொல்றான் அந்த ஆளு?" என்று அம்மா கேட்டாள்.

சாகுல் கையில் கோழிக்காலோடு அந்த வரியையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "சீக்கிரம் திரும்பி வந்து கூட்டிகினு போறேன்றாரும்மா" என்றான்.

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க" என்றாள் அம்மா. அவள் விரல் பட்டனிலிருந்து வந்துவிட்டது.

திரையில் இரண்டு கைகளும் பிரிந்தன. நாங்கள் மூவரும் கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாசல் மூடியது, தாடி திரும்பி நடந்தான், பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்தது. அம்மா கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். இத்தனை நேரம் மூன்று ஆம்பிளைப் பிள்ளைகள் கட்டிக்காத்ததை அம்மா ஒரு நிமிடத்தில் கெடுத்துவிட்டாள் என்று அப்புறம் எத்தனையோ நாள் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவளும் சிரிப்பாள், தனக்கு இந்தப் பட்டனெல்லாம் பழக்கமில்லை என்பாள்.

எனக்கு அந்தக் காட்சி பிடிக்காவிட்டாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். தாடி திரும்பி வருவான். சொல்லியிருக்கிறான். கேவலமாக இருக்கிறது, ஆனால் உண்மை. அப்பாவின் போன் அடிக்காத ஞாயிறுகளில் நான் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு வீடியோ கேம் லாரி டிரைவரின் வார்த்தையைத்தான். அந்த வருடம் கல்லூரியில் சேரவில்லை. போகும்போது தயாராக இருக்கலாம் என்று பாண்டியில் ஒரு பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். நோட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஏம்பலம் பக்கத்திலிருந்து கரும்பேற்றி வரும் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் பஸ்ஸில் நின்றபடி வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டே போவேன்.

ஒருநாள் வகுப்பில்லை. சாகுல் கடையில் உட்கார்ந்துவிட்டான், ஏழுமலை ஊருக்குப் போய்விட்டான். சும்மா இருக்க முடியாமல் தீக்குச்சியைச் செருகி ஆட்டத்தைப் போட்டேன். கடைசி வாசல்வரை சேமித்து வைத்திருந்தோம். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாடி மகளின் காதருகே குனிந்தான். எழுத்து வந்தது. பஸ்ஸில் படித்த அரைகுறைப் பிரெஞ்சுக்கே அந்த வரி போதுமானதாக இருந்தது. எனக்காகக் காத்திருக்காதே. அவ்வளவுதான் அவன் சொன்னது. திரும்பி வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நேராகக் கடைத்தெருவுக்குப் போனேன். சாகுல் கல்லாவில் இருந்தான். கூட்டம் குறையும்வரை நின்று, அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். எந்த வரி என்று அவன் கேட்கவில்லை. புளியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னான். "எனக்கு அன்னிக்கே புரிஞ்சிச்சு. உங்க அம்மா பட்டனப் புடிச்சிகினு கேக்குறாங்க. நான் இன்னாடா சொல்லட்டும்?"

அவன்மேல் கோபப்படத்தான் போயிருந்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்தேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் நாலு காம்பை எடுத்து ஆய்ந்தேன். பிறகு, அந்த ஆள் திரும்பி வருவதாகச் சொல்லவில்லை, காத்திருக்காதே என்றுதான் சொன்னான் என்றேன்.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்டா. சாகுல் மூஞ்சப் பாத்தேன்ல" என்றாள். அடுத்த கொத்தை எடுத்து உருவிக்கொண்டே மற்றதையும் சொன்னாள். நான் ப்ளஸ் டூ எழுதிய வருடம் ஈஸ்டருக்கே, லீவுக்கு வந்திருந்த ஒருவர் கோயில் வாசலில் அவளை நிறுத்திச் சொல்லியிருக்கிறார். அங்கே அப்பாவுக்கு வேறு வீடு, வேறு பிள்ளைகள். பார்சல் வருவதற்கு முன்பே அவளுக்கு இது தெரியும்.

அப்படியென்றால் எதற்காக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனைச் சுற்றிச் சுற்றி வந்தாய் என்று கேட்டேன்.

"நீ அந்தக் கம்பளிச் சட்டையப் போட்டு கண்ணாடி பாத்துகினு இருந்தியே. உங்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள். "அன்னிக்கி அந்தப் பட்டன நான் தெரிஞ்சேதான்டா வுட்டேன். மூணு பேரும் சோத்தக்கூட ஒழுங்காத் துன்னாம புடிச்சிகினு இருந்தீங்க. பாக்க முடியல."

அதற்கப்புறம் நான் சொன்னதைக் கேட்டு அவள்தான் அழுதாள். எனக்கும் அந்தக் கோடை முடிந்து வந்த மழைக்காலத்திலேயே சந்தேகம் வந்திருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போகாமல் உட்கார்ந்திருந்தேன், நான் போய்விட்டால் அவள் போன் பக்கத்தில் தனியாக இருப்பாளே என்று. ஆக, எங்கள் வீட்டில் அப்பாவுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அவள் எனக்காக உட்கார்ந்திருந்தாள், நான் அவளுக்காக. மறு வருடம் கடலூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன்.

இப்போது எதுவும் இல்லை. போன் கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அந்த மளிகைக் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். சாகுல் மலேசியாவில் இருக்கிறான், பெருநாளைக்கு வாழ்த்து அனுப்புகிறான். ஏழுமலை ஊரோடு போய்ச் சொந்தமாகப் படகு வைத்திருக்கிறான், பார்த்தால் தோளில் அடிப்பதோடு சரி. அந்த வீட்டை இடித்துக் கட்டியாயிற்று. அம்மா போய் மூன்று வருடமாகிறது. அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது, அது என்னைத் தொந்தரவு செய்வதும் இல்லை.

என்னைத் தொந்தரவு செய்வது வேறு. ஞாயிறு மதியம் சாப்பிட்டு எழுந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். யாரும் எதற்காகவும் என்னை வீட்டில் இருக்கச் சொல்வதில்லை. இருந்தும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய், எங்கே போவது என்று தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.